தந்துகியின் கொடுக்கல்வாங்கலை வரைந்து புரிந்துகொள்ளும் முறை

தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய இரத்தக் குழாயே தந்துகி. அதைக் குறிக்க ஒரு தாளில் நீளமான குழாய் ஒன்றை வரைந்து, இடக்கோடியில் தமனிப் பக்கம் என்றும் வலக்கோடியில் சிரைப் பக்கம் என்றும் எழுதுங்கள். தந்துகியின் சுவர் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. அதன் விட்டம் சுமார் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான் என்பதால் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பல இடங்களில் வளைந்து நெளிந்தே செல்கின்றன.

அடுத்து, இரண்டு நிறங்களில் அம்புக்குறிகள் இடுங்கள்; ஒரே நிறத்தில் இட்டால்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. முதல் நிறம் பரவலுக்கு. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் செல்களை ஊடுருவியும், குளுக்கோஸும் உப்பு அயனிகளும் செல்களின் இடைவெளி வழியாகவும், செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் கடக்கின்றன. சத்துப்பொருள்களில் பெரும்பகுதி இவ்வழியே போவதால், திரவம் அவற்றைத் தள்ளிச் செல்வதாக எழுதிவிடாதீர்கள்.

இரண்டாம் நிறம் திரவத்துக்கு. தமனிப் பக்கத்தில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 35 மி.மீ. பாதரசம், சிரைப் பக்கத்தில் 15. அல்புமின் முதலிய புரதங்கள் நீரை உள்ளே இழுக்கும் விசை இரு பக்கமும் சுமார் 25. கழித்துப் பார்த்தால் இடப்பக்கம் 10 வெளிநோக்கியும் வலப்பக்கம் 10 உள்நோக்கியும் நிற்கும். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் நீர் விடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கும் உப்புதான் இழுக்கிறது என்று தோன்றும். ஆனால் உப்பு சுவரைத் தாராளமாகக் கடந்துவிடுவதால், கடக்க முடியாத புரதமே நீரைப் பிடித்துவைக்கிறது.

1896-இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் வகுத்த அடிப்படையில் அமைந்த இக்கணக்கு தேர்வுக்குப் போதும். எனினும், பெரும்பாலான திசுக்களில் சிரைப் பக்கத்திலும் திரவம் மெல்ல வெளியேறுகிறது என்றும், அதை நிணநீர் நாளங்களே திருப்பிக் கொண்டுவருகின்றன என்றும் பிந்தைய ஆய்வுகள் காட்டுவதால், குழாயின் கீழே நிணநீர் நாளம் ஒன்றையும் கட்டாயம் வரையுங்கள். நாஞ்சில் நாட்டு வயலில் சானல் தண்ணீர் மடைவழி ஏறும்போது வடிகால் அடைபட்டிருந்தால் என்ன ஆகுமோ, அதுவே நிணநீர் நாளம் அடைபட்ட காலிலும் நேர்கிறது.

படத்தை உடலில் சரிபார்க்க, நாகர்கோவில் கடைகளில் பகல் முழுவதும் நின்று வேலை செய்பவரின் கால்களை அந்தியில் பாருங்கள். அசையாமல் நிற்கையில் பாதச் சிரைகளில் அழுத்தம் 90 மி.மீ. அளவுக்கு உயர்வதால் திரவம் திசுவில் தேங்கி, செருப்பு வாரின் தடம் பதிந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து விநாடி அழுத்தி எடுத்தால், வீக்கம் இருப்பின் குழி சிறிது நேரம் நிற்கும். இரவில் காலை உயர்த்திப் படுத்தால் இவ்வகை வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும்; ஒரு காலில் மட்டும் வலியோடு வீங்கினாலோ, மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ, தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.