முதல் வருஷ மேத்ஸ் கோர்ஸ்: கணக்கு தெரிஞ்சும் மார்க் போகாம இருக்க என்ன பண்ணணும்

காலேஜ்ல முதல் மேத்ஸ் கோர்ஸ் ஆரம்பிக்கிற அன்னிக்கு நாலஞ்சு பக்கத்துக்கு ஒரு பேப்பர் குடுப்பாங்க, இல்லன்னா பிடிஎஃப்பா போட்டு விட்ருவாங்க, சிலபஸ்னு பேரு. எல்லாரும் என்ன புக்கு, பரீட்சை என்னிக்குன்னு ரெண்டு வரிய பாத்துட்டு மூடிருவாங்க. நானும் படிக்கிறப்போ அப்படித்தான் பண்ணேன். அப்புறம் அதே மாதிரி ஒரு கோர்ஸுக்கு பேப்பர் திருத்துற வேல கெடச்சுது, அப்பதான் உறைச்சுது, நல்லா கணக்கு போடுற புள்ளைங்களே ஹோம்வொர்க் லேட்டு, ஸ்டெப் எழுதல, கால்குலேட்டர் தப்பு மோட்ல இருந்துச்சுன்னு மார்க்க வாரி எறச்சிட்டு போறாங்க. கணக்கு புரியாம போற மார்க்க திரும்பப் பிடிக்க மாசக்கணக்கா ஆகும், ஆனா இப்படி போற மார்க்க ஒரு ராத்திரி அந்தப் பேப்பர ஒழுங்கா படிச்சா நிறுத்திரலாம்.

அதனால முதல் வேல, சிலபஸ எடுத்து வச்சிக்கிட்டு மார்க் எப்படி பிரிச்சிருக்காங்கன்னு பாருங்க. ஒவ்வொரு கோர்ஸுக்கும் மாறும், ஒரு உதாரணத்துக்கு ஹோம்வொர்க் 20, க்விஸ் 10, ரெண்டு மிட்டேர்ம் (செமஸ்டர் நடுவுல வர்ற பரீட்சை) தலா 20, ஃபைனல் 30ன்னு வச்சிப்போம், மொத்தம் 100. இதுல 10 ஹோம்வொர்க் இருக்குன்னா ஒன்னு ஒன்னும் மொத்த மார்க்ல 2. "ரெண்டு மார்க்தானே, விடு"ன்னு மூணு ஹோம்வொர்க்க விட்டா 6 மார்க் போச்சு. அந்த 6ஐ ஃபைனல்ல பிடிக்கணும்னா எவ்ளோ கூட எடுக்கணும் தெரியுமா, ஃபைனலோட பங்கு 30தான், அதனால 6ஐ 0.30ஆல வகுங்க, 20 வருது. அதாவது 100க்கு நடக்குற அந்தப் பரீட்சைல 20 மார்க் கூடுதலா வாங்கணும், வீட்ல உக்காந்து புக்க தொறந்து வச்சி போட்ருக்க வேண்டிய மூணு ஹோம்வொர்க்குக்காக! இத யாருக்கு சொன்னாலும் முதல்ல நம்ப மாட்டாங்க, போட்டுக் காட்டுனா அமைதியாயிருவாங்க.

இதே கணக்க நடுவுலயும் ஒரு தடவ போடுங்க, ரெண்டாவது மிட்டேர்ம் மார்க் வந்த அன்னிக்கே. ஹோம்வொர்க்ல சராசரி 90, க்விஸ்ல 70, மிட்டேர்ம் 60, 72ன்னு வச்சா 18 + 7 + 12 + 14.4 = 51.4 கைல இருக்கு. மொத்தம் 75 வேணும்னா இன்னும் 23.6, அத 0.30ஆல வகுத்தா ஃபைனல்ல 79 கிட்ட வேணும், கஷ்டப்பட்டா வரும். 80 வேணும்னா ஃபைனல்ல 95க்கு மேல வேணும், மிட்டேர்ம்ல 60, 72 எடுத்தவங்களுக்கு அது கொஞ்சம் பேராசை. இப்படி நம்பரா பாத்துட்டா சும்மா பயந்துக்கிட்டு கெடக்க வேண்டியதில்ல, எங்க நேரத்த போடணும்னு தெரிஞ்சிரும். "கடைசில எல்லாருக்கும் மார்க் ஏத்திப் போடுவாங்க"ன்னு சீனியர் யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, சிலபஸ்ல எழுதிருந்தா மட்டும்தான் அது உண்டு.

அடுத்து டெட்லைன். இங்க ஒவ்வொரு கோர்ஸும் ஒவ்வொரு மாதிரி. சிலர் லேட்டா வந்தா வாங்கவே மாட்டாங்க, சிலர் ஒரு நாளுக்கு 10 சதவீதம் கழிப்பாங்க. ரெண்டுக்கும் நீங்க நடந்துக்க வேண்டிய விதமே வேற. வாங்கவே மாட்டேன்னு சொல்ற கோர்ஸ்ல பாதி முடிச்சிருந்தாலும் நேரத்துக்கு குடுத்துருங்க, 60 சதவீதம் எங்க, பூஜ்யம் எங்க. கழிச்சிட்டு வாங்குற கோர்ஸ்னா, இன்னும் ரெண்டு நாள்ல முழுசா முடியும்னு இருந்தா 20 போனாலும் 80 வருது, 60க்கு அது பரவால்ல, ஆனா அடுத்த ஹோம்வொர்க் அதுக்குள்ள தலைக்கு மேல நிக்கும், அதையும் யோசிச்சிக்கோங்க. ஆன்லைன்ல சப்மிட் பண்றதுன்னா 11.59க்கு டெட்லைன்னு 11.55க்கு ஃபோட்டோ எடுத்துட்டு இருக்காதீங்க, பக்கம் தலைகீழா ஏறும், மங்கலா வரும், நெட் அப்பதான் சுத்தும். நான் திருத்துனப்போ ஒருத்தர் ஏழு பக்கத்துல ஆறாவது பக்கத்த ரெண்டு தடவ ஏத்தி ஏழாவத விட்டுட்டாரு, அதுல இருந்த கணக்குக்கு மார்க் போட எனக்கு எந்த வழியும் இல்ல. ஏத்துனப்புறம் ஒரு தடவ தொறந்து பாருங்க, அவ்ளோதான்.

குறைஞ்ச மார்க் ரெண்டு க்விஸ்ஸ கணக்குல சேக்காம விட்ருவோம்னு சில கோர்ஸ்ல இருக்கும். அது காய்ச்சல், குடும்பத்துல அவசரம், பஸ் மிஸ் ஆச்சு, இந்த மாதிரி நாளுக்கு வச்சிருக்கறது. செமஸ்டர் ஆரம்பத்துலயே தூக்கம் வருதுன்னு ரெண்டையும் செலவு பண்ணிட்டா, நிஜமாவே உடம்பு முடியாம போறப்போ கைல ஒன்னும் இருக்காது. மிட்டேர்ம் மிஸ் ஆகுதுன்னா பரீட்சைக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்ருங்க, முன்னாடி வந்த ரெண்டு வரிக்கு இருக்குற மரியாத பின்னாடி வர்ற ரெண்டு பக்கத்துக்கு இருக்காது.

இப்ப எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன், ஸ்டெப் எழுதுறது. "விடை மட்டும் எழுதுனா மார்க் கிடையாது"ன்னு கிட்டத்தட்ட எல்லா சிலபஸ்லயும் இருக்கும், யாரும் அத சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க. திருத்துறவங்க பக்கத்துலருந்து பாருங்க. 10 மார்க் கணக்கு, ஒரு பேப்பர்ல வெறும் விடை, அதுவும் தப்பு, 0 தவிர வேற வழியில்ல. இன்னொன்னுல ஈக்வேஷன சரியா அமைச்சிருக்காங்க, வழி சரி, நடுவுல ஒரு மைனஸ் காணாம போயி விடை தப்பு, அதுக்கு 8 கெடைக்கும். ரெண்டுலயும் விடை தப்புதான், மார்க்ல வித்தியாசம் 8.

எழுதுற விதத்துலயும் ஒரு வியாதி இருக்கு, சமக்குறிய "அடுத்து"ங்கிற அர்த்தத்துல போடுறது. 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12ன்னு எழுதுவாங்க, மனசுல சரியாத்தான் ஓடுது, ஆனா எழுதுனத அப்படியே படிச்சா 5 + 3உம் 12உம் ஒன்னுன்னு ஆகுது. 1557ல ராபர்ட் ரெகார்ட்ங்கிறவரு இந்தக் குறிய கொண்டு வந்தப்போ சொன்ன காரணம், ரெண்டு இணைகோட்ட விட சமமானது வேற எதுவும் இருக்க முடியாதுன்னு. அத போய் அம்புக்குறி மாதிரி நீட்டி விட்டா எப்படி. ஒரு ஸ்டெப்புக்கு ஒரு வரி, அடுத்தது கீழ, பேப்பர் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கால்குலஸ் கோர்ஸ்ல கால்குலஸ்ல மார்க் போகும்னு நெனப்பீங்க, நான் பாத்த வரைக்கும் போறதெல்லாம் ஸ்கூல் அல்ஜீப்ராவுல. முதல் வாரத்துல தனியா உக்காந்து உங்கள நீங்களே சோதிச்சிக்கோங்க. கூட்டி ஸ்கொயர் பண்றதும், தனித்தனியா ஸ்கொயர் பண்ணி கூட்டுறதும் ஒன்னான்னு சந்தேகம் வந்தா 3, 4 போட்டுப் பாருங்க, ஒன்னு 49, இன்னொன்னு 25. 1/(2 + 3)ங்கிறது 0.2தான், அத பிரிச்சி அரையும் மூணுல ஒன்னும்னு எழுதுனா 0.83 வந்து நிக்கும். லாக்லயும் இதே கத, பத்தடிமானத்துல லாக் 200 சுமார் 2.3, லாக் 100ஐயும் லாக் 100ஐயும் கூட்டுனா 4. எக்ஸ் ஸ்கொயர் சமம் 5 எக்ஸ்னு வந்தா ரெண்டு பக்கமும் எக்ஸால வகுத்துட்டு 5ன்னு எழுதிட்டுப் போறவங்க ஏராளம், எக்ஸ் பூஜ்யமா இருந்தா வகுக்கவே கூடாது, அந்த 0ங்கிற விடை அங்கயே செத்துப்போச்சு. ரூல் மறந்துட்டா சின்ன நம்பர் போட்டு பாக்குறது பரீட்சை ஹால்லயும் பண்ணலாம், பத்து செகண்ட் ஆகும். இதெல்லாம் பாதிக்கு மேல தடுமாறுதுன்னா கௌரவம் பாக்காம கோர்ஸ மாத்துற தேதி முடியறதுக்குள்ள ஒரு படி கீழ இருக்குறத எடுங்க.

நேரம் எவ்ளோ ஒதுக்கணும்னு கேட்டா, பல காலேஜ்ல சொல்ற கணக்கு, கிளாஸ்ல ஒரு மணி நேரத்துக்கு வெளில ரெண்டு மணி நேரம். வாரத்துக்கு 4 மணி கிளாஸ்னா 8 மணி தனியா, மொத்தம் 12. கேக்க ஜாஸ்தியாத்தான் இருக்கும், ஆனா எட்டு மணி நேரத்த ஞாயித்துக்கிழம ராத்திரி மொத்தமா உக்காந்து முடிக்கிறேன்னு போனா வேலைக்கு ஆகாது. கிளாஸ் முடிஞ்ச அன்னிக்கே அங்க போட்ட ஒரு கணக்க நோட்ட மூடி வச்சிட்டு வெள்ளப் பேப்பர்ல திரும்பப் போட்டுப் பாருங்க. கிளாஸ்ல போர்ட பாத்து தலையாட்டுனது வேற, தனியா போடுறது வேறன்னு மூணாவது வரிலயே தெரிஞ்சிரும். படிச்சத மனுஷன் எவ்ளோ வேகமா மறக்குறான்னு ஹெர்மன் எபிங்காஸ்ங்கிற ஜெர்மன் மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1885லயே தன் மேலயே சோதனை பண்ணி எழுதி வச்சாரு, முதல் நாளே பெரும்பகுதி போயிருதுன்னு. அவரு மனப்பாடம் பண்ணது அர்த்தமில்லாத அசைகள, ஆனா ரெண்டு நாள் தொடாத செயின் ரூலும் (ஒரு ஃபங்ஷனுக்குள்ள இன்னொரு ஃபங்ஷன் இருந்தா டெரிவேட்டிவ் எடுக்குற ரூல்) கிட்டத்தட்ட அந்த நெலமைலதான் இருக்கும்.

ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு போங்க, அதாவது சந்தேகம் கேக்க வர்றவங்களுக்குன்னு வாத்தியார் ஒதுக்கி வச்சிருக்கற நேரம். வாத்தியார் தனியா உக்காந்து டீ குடிச்சிட்டு இருப்பாரு, யாரும் போக மாட்டாங்க, மிட்டேர்முக்கு முந்தின நாள் வாசல் வரைக்கும் க்யூ நிக்கும். போறப்போ "எதுவுமே புரியல சார்"னு போனா அவருக்கும் எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது. "4வது கணக்கு மேடம், இது வரைக்கும் போட்டேன், இங்க பின்னம் வந்ததும் நின்னுருச்சு"ன்னு பேப்பர நீட்டுனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். மெயிலும் அப்படித்தான், எந்த செக்ஷன், எந்தக் கணக்கு, எங்க நின்னீங்க, கூட ஒரு ஃபோட்டோ.

அப்புறம் காப்பி விஷயம். சேந்து பேசலாம், ஆனா எழுதுறது தனியான்னு நிறைய சிலபஸ்ல இருக்கும், ஒரேடியா சேரக்கூடாதுன்னும் சிலதுல இருக்கும், அத முதல்ல படிங்க. சேந்து பேசலாம்னா நான் வச்சிருந்த வழி, பேசி முடிச்சதும் எல்லாத்தையும் அழிச்சிட்டு அரை மணி நேரம் கழிச்சி தனியா உக்காந்து எழுதுறது, வந்துச்சுன்னா அது என்னோடது, வரலன்னா எனக்கு புரியலன்னு அர்த்தம். சாட்பாட்ட கேட்டு எழுதுறது, சொல்யூஷன் பாத்து எழுதுறது எல்லாம் திருத்துறவங்களுக்கு எப்படி தெரியும்னு நெனக்கிறீங்க, ரொம்ப ஈசி. ரெண்டாவது வாரம், லிமிட் மட்டும்தான் நடத்திருக்கு, டெரிவேட்டிவ்ங்கிற வார்த்தையே வரல, பேப்பர்ல லோபிடால் ரூல் (மேலயும் கீழயும் டெரிவேட்டிவ் எடுத்து லிமிட் கண்டுபிடிக்கிறது) போட்டு அழகா முடிச்சிருப்பாங்க. அதுவும் சைன் எக்ஸ் பை எக்ஸ் லிமிட்டுக்கு! சைனோட டெரிவேட்டிவ கண்டுபிடிக்கவே அந்த லிமிட் வேணும், அதனால அது நிரூபணமே கிடையாது, சுத்தி வந்து அதே எடத்துல நிக்கிறது. ஏஐ பத்தி உங்க கோர்ஸ்ல என்ன சொல்லிருக்காங்கன்னு பாருங்க, ஒன்னும் எழுதலன்னா கேட்டுட்டு பண்ணுங்க, எழுதலன்னா ஓகேன்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க.

பரீட்சை அன்னிக்கு ரெண்டே விஷயம். 50 நிமிஷத்துல 100 மார்க்னா நிமிஷத்துக்கு 2 மார்க், 10 மார்க் கணக்குக்கு 5 நிமிஷம், 12 நிமிஷம் ஆகியும் வரலன்னா எழுதுன வரைக்கும் விட்டுட்டு அடுத்ததுக்கு போங்க. இன்னொன்னு கால்குலேட்டர். முதல்ல எந்த மாடல் அனுமதின்னு பாருங்க, அப்புறம் உள்ள போய் உக்காந்ததும் சைன் 30 அடிச்சுப் பாருங்க, 0.5 வந்தா டிகிரில இருக்கு, −0.988 வந்தா ரேடியன்ல இருக்கு. கால்குலஸுக்கு பெரும்பாலும் ரேடியன்தான் வேணும். எல்லை குடுக்காத இன்டெக்ரல் முடிச்சதும் கூட்டல் சி (+ C, மாறிலி) போட்டீங்களான்னு கடைசி நிமிஷத்துல ஒரு கண்ணு ஓட்டுங்க, அது சில்லறை மார்க், ஆனா வருஷா வருஷம் எல்லாரும் கீழ சிந்துற சில்லறை.

பேப்பர் திரும்பி வந்ததும் மார்க்க பாத்துட்டு பைல திணிச்சிராதீங்க. கூட்டல் சரியா இருக்கான்னு பாருங்க, எங்களுக்கும் நடுராத்திரில கை தப்பும். திரும்ப திருத்தச் சொல்லி கேக்க பெரும்பாலும் ஒரு வாரம் டைம் இருக்கும், எழுதித்தான் குடுக்கணும், எந்தக் கணக்கு, ஏன்னு. ஒரு எச்சரிக்கை, சில கோர்ஸ்ல முழுப் பேப்பரயும் மறுபடி திருத்துவோம்னு போட்ருப்பாங்க. நான் படிக்கிறப்போ அந்த வரிய படிக்காம 3 மார்க்குக்கு சண்ட போட போனேன், அந்த 3 கெடச்சுது, வேற பக்கத்துல தாராளமா போட்டிருந்த 5 போச்சு.

கடைசியா ஒரு தேதிய ஃபோன்ல அலாரமா போட்டு வச்சிக்கோங்க, கோர்ஸ்லருந்து ஃபெயில் இல்லாம வெளில வர்றதுக்கான கடைசி நாள். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, மேல சொன்ன 51.4 கணக்க உங்க நம்பர வச்சி போடுங்க. பாஸாகவே ஃபைனல்ல 100க்கு மேல தேவைன்னு வந்தா அன்னிக்கே வாத்தியார போய் பாருங்க, அந்தத் தேதிக்கு மறுநாள் போனா அவரு நெனச்சாலும் ஒன்னும் பண்ண முடியாது.