டெல்லியிலிருந்து சென்னைக்கு: காரை ட்ரெய்லரில் அனுப்ப நம்பகமான ஆளைப் பிடிப்பது எப்படி?

டெல்லி, குர்கான், நொய்டா பக்கம் வேலை பார்த்துவிட்டு சென்னைக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு வீட்டுச் சாமானைவிடக் கார்தான் பெரிய தலைவலி. தூரம் சுமார் 2,200 கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டே வரலாம்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி என்றால் ஏறக்குறைய 150 லிட்டர் பெட்ரோல், அதற்குமேல் டோல், வழியில் ராத்தங்கல். கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ கூட இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பைக்கை ரயிலில் பார்சல் போடலாம். ரயிலில் கார் போவதெல்லாம் பெரும்பாலும் தொழிற்சாலைகள் மொத்தமாக அனுப்பும் புது வண்டிகள். ஆக, மிஞ்சுவது பல கார்களை ஒன்றாக ஏற்றிப்போகும் நீளமான லாரி, அதாவது கார் கேரியர் ட்ரெய்லர்.

குர்கானை அடுத்த மானேசரில் மாருதி ஆலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் ஆலை. அதனால் இந்தத் தடத்தில் ட்ரெய்லருக்குப் பஞ்சமில்லை. பொறுப்பேற்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

படி 1: பேசுவது யார் என்று பாருங்கள்

இணையத்தில் ஒரு இடத்தில் நம்பரைக் கொடுத்தால் போதும், மளமளவென்று அழைப்புகள் வரும். அவர்களில் பலர் புரோக்கர்கள். புரோக்கர் என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள்: "ட்ரெய்லர் உங்களுடையதா? எல்.ஆர். யார் பெயரில் போடுவீர்கள்?" எல்.ஆர். என்பது லாரி ரசீது. டெல்லிக்காரர்கள் பில்டி என்பார்கள். பேசுகிற கம்பெனி ஒன்று, ரசீது போடுகிற கம்பெனி வேறு என்றால், கோளாறு வரும்போது இருவரும் மாறி மாறிக் கை காட்டுவார்கள்.

பேர்பெற்ற நிறுவனங்களின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி நடத்துகிறவர்களும் உண்டு. எனவே ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு வாங்கி, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடுங்கள். பதிவான பெயர், பதிவு செய்த தேதி, பதிவு இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரியும். பணம் போகும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். "என் பர்சனல் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க சார்" என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள். கூகுள் ரிவ்யூக்களில் ஐந்து நட்சத்திரத்தைப் புரட்டுவதைவிட ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிப்பது மேல்.

படி 2: வாடகையில் என்னென்ன அடக்கம்?

நாலு பேரிடம் விலை கேளுங்கள். மூன்று பேர் ஒரே அளவில் சொல்லும்போது ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால், மீதிப் பாதியை வண்டி ஏறியபிறகு கேட்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பதுதான் இந்தத் தொழிலின் பழைய தந்திரம். வாடகை, ஜி.எஸ்.டி., ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை, புறப்படும் தேதி, ஒப்படைக்கும் தேதி எல்லாம் மின்னஞ்சலில் எழுத்தாக வரட்டும்.

'டோர் டு டோர்' என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அவ்வளவு நீளமான ட்ரெய்லர் உங்கள் தெருவுக்குள் நுழையாது. ஒரு டிரைவர் வந்து உங்கள் காரை, ட்ரெய்லரில் வண்டி ஏற்றும் யார்டு வரை ஓட்டிப்போவார். இங்கே சென்னையிலும் அப்படியே. யார்டு எங்கே, எத்தனை கிலோமீட்டர் என்று முதலிலேயே கேளுங்கள்.

படி 3: இன்சூரன்ஸ்

கூடுதல் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன்கீழ் 2011-இல் வந்த விதிகளும் என்ன சொல்கின்றன தெரியுமா? கூடுதல் கட்டணம் கட்டி அதிகப் பொறுப்பை எழுதி வாங்காவிட்டால், லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 20,000 ரூபாய் என்றால் 2 லட்சம். கார் 7 லட்சம் பெறுமானது என்றால் மீதிக்கு?

இதற்குத்தான் "டிரான்சிட் இன்சூரன்ஸ் இத்தனை சதவீதம்" என்று, வழியில் ஏற்படும் சேதத்துக்கான காப்பீடாக, பில்லில் ஒரு வரி வரும். அந்த வரி மட்டும் இருந்தால் அது இன்சூரன்ஸ் ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த சான்றிதழில் உங்கள் பெயர், காரின் பதிவு எண், மதிப்பு மூன்றும் இருக்க வேண்டும். அதை வண்டி ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் வழக்கமான பாலிசி வாசகத்தில், வண்டி சாலையிலோ ரயிலிலோ ஏற்றிக் கொண்டுபோகப்படும்போது ஏற்படும் சேதமும் ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கே ஆகும் சேதம்) பகுதியில் அடங்கும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் இது கிடையாது. ஓன் டேமேஜில் க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். ஆகவே சின்னக் கீறலுக்கு டிரான்சிட் பாலிசி, பெரிய விபத்துக்கு இது என்று இரண்டும் கையில் இருப்பது நிம்மதி.

படி 4: ஒப்படைக்கும் நாள்

வண்டியைக் கழுவிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அழுக்குக்கு அடியில் பழைய கீறல் எது, புதியது எது என்று யாருக்குத் தெரியும்? சுற்றிலும் வீடியோ எடுங்கள். ஓடோமீட்டரைத் தனியாகப் படம் எடுங்கள். ட்ரெய்லரில் ஏற்றாமல் ஓட்டியே கொண்டுவந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பெட்ரோல் யார்டுக்குப் போய்வரும் அளவு இருந்தால் போதும். டிக்கியில் குக்கர், புத்தகம், பட்டுப்புடவை என்று எதையும் திணிக்காதீர்கள்; தொலைந்தால் கேட்க நாதியில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் நகல் மட்டும் கொடுங்கள். சாவி ஒன்று போதும்.

கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை மறந்துவிடாதீர்கள். ட்ரெய்லர் மேல் இருக்கும் காரின் டேக்கையும் டோல்கேட் கருவி படித்துப் பணம் எடுத்துவிடலாம். பிய்த்தால் டேக் கெட்டுவிடும். அலுமினிய ஃபாயிலால் மூடுங்கள்.

ஏறியபின் ட்ரெய்லர் நம்பர் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். அந்த நம்பரை அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் அதன் ஃபிட்னஸ், இன்சூரன்ஸ் நிலவரம் தெரிந்துவிடும்.

படி 5: சென்னையில் வாங்கும்போது

பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். பம்பர், கூரை, அடிப்பகுதி, அலாய் வீல் எல்லாவற்றையும் பழைய வீடியோவோடு ஒப்பிட்டபின்தான் கையெழுத்து. சேதம் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஆபீஸ்ல பேசிக்கலாம் சார்" என்பார். எழுதிய பிறகு பேசலாம். வழக்குப் போடுவதாக இருந்தால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரிக் கம்பெனிக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை டெல்லியிலேயே முடிக்க வேண்டியது: படிவம் 28-இல் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று). கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்குமேல் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். எல்லா மாநிலத்துக்கும் பொதுவான பி.ஹெச். (பாரத்) வரிசை நம்பர் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.