உளி கடைசியில் வரட்டும்: பருத்த அடிக்கட்டையிலிருந்து மேப்பிள் போன்சாய் உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருத்த மேப்பிள் அடிக்கட்டை ஒன்று கிடைத்ததும் பலருடைய கை முதலில் உளியையோ மரம் குடையும் மின்கருவியான கிரைண்டரையோதான் தேடுகிறது. ஊசியிலை மரமான ஜூனிப்பரின் போன்சாய்களில் வெள்ளை வெளேரென்று நிற்கும் பட்ட கட்டையைப் பார்த்துப் பழகிய கண், மேப்பிளிலும் அதையே எதிர்பார்க்கிறது. முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஜூனிப்பரின் கட்டை பிசின் நிறைந்தது, மெதுவாக வளர்ந்து இறுகியது. அது செத்த பிறகும் பல்லாண்டு நிற்கும். மேப்பிளின் கட்டையில் பிசின் கிடையாது. ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் சில ஆண்டுகளிலேயே அது மென்மையாகி, விரலால் அழுத்தினால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே மேப்பிளில் செதுக்குவதன் நோக்கம் வேறு. மரத்தை வெட்டிக் குறைத்ததால் உண்டான பெரிய காயத்தை, காட்டு மரத்தில் பெரிய கிளை ஒடிந்து காலப்போக்கில் உண்டாகும் பொந்துபோலத் தோன்றச் செய்வதே அது. இத்தகைய பொந்தை ஜப்பானியப் போன்சாய்க் கலைஞர்கள் ‘உரோ’ என்கிறார்கள். மூட முடிந்த காயத்தை மூடவிடுவதே முதல் வழி என்றும், மூட முடியாததை மட்டுமே செதுக்க வேண்டும் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இங்கே சொல்வன பெரும்பாலும் டிரைடென்ட் மேப்பிளைப் பற்றியவை. கிழக்குச் சீனாவைத் தாயகமாகக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குச் சென்ற, மூன்று மடல் இலையுடைய மரம் அது. வேகமாகப் பருக்கும், காயத்தை விரைவாக மூடும், வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்துவிடும். கட்டையிலிருந்து போன்சாய் செய்ய இதைவிட இணக்கமான மேப்பிள் இல்லை. ஜப்பானிய மேப்பிள் இவ்வளவு பொறுத்துக்கொள்ளாது. பெரிய வெட்டுக்குப் பிறகு அதன் கிளைகள் பின்னோக்கிக் காய்வதும், காயத்தின் வழியே நோய் புகுவதும் அதிகம் என்பதால், கீழே சொல்லும் எச்சரிக்கைகளை அதற்கு இரு மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டும் உயரத்தை மனம்போன போக்கில் தீர்மானிப்பது அடுத்த தவறு. அடிமரப் பருமனைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு உயரம் என்பது போன்சாயில் வழங்கும் பொதுக் கணக்கு. பத்து சென்டிமீட்டர் பருமனுள்ள கட்டை கடைசியில் அறுபது சென்டிமீட்டர் மரமாகும் என்றால், மீதி உயரம் வெட்டுக்குப் பின் வரும் புதுத் தண்டாக வளர வேண்டியது என்பதால், முதல் வெட்டு பதினைந்திலிருந்து இருபது சென்டிமீட்டருக்குள் விழ வேண்டும். இதைப் பார்த்துத் தயங்கி நாற்பதில் வெட்டுகிறவர்களுக்கு, ஒரே பருமனில் நிற்கும் ஒரு குழாயின் உச்சியில் சில மெல்லிய கிளைகள் முளைத்த மரம்தான் கிடைக்கும். பின்னாளில் அதை மறுபடியும் வெட்ட வேண்டிவரும், போன ஆண்டுகள் போனவைதான்.

வெட்டும் இடத்திலும் கவனம் தேவை. மேப்பிளின் மொட்டுகள் கணுவில் எதிரெதிராக அமைந்தவை. முதிர்ந்த கட்டையிலும் பழைய கணுக்கள் மெல்லிய வளையக் கோடுகளாகத் தெரியும், புதுத் துளிர் பெரும்பாலும் அவற்றை ஒட்டியே வெடிக்கும். கோட்டை ஒட்டி வெட்டினால் காய்தல் அந்தக் கணுவைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். எனவே கோட்டுக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுக் கிடைமட்டமாக வெட்டி, துளிர் வலுத்து எது உயிருள்ள பகுதி, எது காய்ந்த பகுதி என்பது தெளிவான பிறகே அந்த மிச்சத்தைச் சாய்வாக நீக்க வேண்டும். குளிர்காலம் முடியும் தறுவாயில், மொட்டு வீங்குவதற்கு முன் வெட்டலாம். சாறு வடிந்தாலும் நல்ல வேருள்ள மரம் அதைத் தாங்கும். முதல் இலைகள் முற்றிய கோடைத் தொடக்கமும் ஏற்றது. சேமிப்பையெல்லாம் செலவழித்து இலை விரித்துக்கொண்டிருக்கும் வாரங்களில் மட்டும் மரத்தைத் தொடக் கூடாது.

வெட்டிய பிறகு விளிம்பைச் சுற்றிப் பத்துப் பதினைந்து துளிர்கள் வெடிக்கும். அந்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் வளர விடுவது மிகப் பரவலான தவறு. ஓரிடத்திலிருந்து பல கிளைகள் பருக்கும்போது அந்த இடம் புடைத்து, மரம் கீழே ஒல்லியாகவும் மேலே தடித்தும் போய்விடும்; இந்தப் புடைப்பைப் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம். அடுத்த தண்டாகப் போகும் ஒன்றையும், கீழே தள்ளி நிற்கும் ஒன்றிரண்டையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை முதற்கோடையிலேயே நீக்கிவிட வேண்டும். தேர்ந்தெடுத்த தண்டின் நுனியைக் கிள்ளாமல், இரண்டு மீட்டர் உயர்ந்தாலும் விட்டுவிட வேண்டும். வெட்டுவாயின் விட்டத்தில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்குக்கு அது பருத்த பிறகுதான் அடுத்த வெட்டு. தரையிலோ பெரிய மரப்பெட்டியிலோ வளரும் மரத்துக்கே இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அழகான ஆழமற்ற தொட்டிக்கு மாற்றும் ஆசையை அதுவரை அடக்காவிட்டால் வேரும் அடங்கும், பருமனும் நின்றுவிடும், காயமும் மூடாது. காயத்தை மூடுவது மேலே ஓடும் அந்தக் கட்டுப்பாடற்ற வளர்ச்சிதான். இலைகளை முழுவதும் உதிர்த்துவிடும் உத்தியும் இக்கட்டத்துக்கு உரியதன்று.

வேரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தடித்த வேர்களைக் குறைக்கும் ஆண்டிலேயே தண்டைச் செதுக்கக் கூடாது. வேர்கள் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கட்டையில், பட்டையை வளையமாக நீக்கி மண்ணால் மூடிப் புது வேர் வரச் செய்வது, மோசமான வேரோடு போராடுவதைவிட நல்லது.

இனி செதுக்கல். வெட்டிய அதே பருவத்தில் பொந்தைக் குடைந்துவிடுவதுதான் இதிலுள்ள பெருந்தவறு. நானும் என் முதல் கட்டையில் அதைச் செய்தேன். இலையுதிர் காலத்தில் குடைந்த பொந்தில் மழைநீர் தேங்கியது, குளிரில் உறைந்தது; அடுத்த வசந்தத்தில் ஒரு பக்கத்துப் பட்டை மேலிருந்து கீழாகப் பிளந்து, அந்தப் பக்கத்து வேரும் செத்தது. ஜூனிப்பரில் உயிரோடும் பகுதி தசைநார்போலப் புடைத்துத் தெரியும், மேப்பிளில் அப்படித் தெரியாது. எந்த வேர் எந்தத் துளிருக்கு நீர் தருகிறது, பட்டை எங்கே உள்வாங்கிக் காய்கிறது என்பதையெல்லாம் மரம் ஒரு முழு வளர்பருவத்திலாவது காட்ட வேண்டும். நான் இப்போது இரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறேன்.

எவ்வளவு ஆழம் போகலாம் என்ற கேள்விக்கு விடை மரத்தின் உட்செயலில் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் தன் காயத்தை நம் தோலைப் போலப் புதுப்பிப்பதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புகள் எழுப்பி அதை ஒதுக்கிவைக்கிறது என்று விளக்கினார். காயத்துக்கு முன் இருந்த கட்டைக்கும் அதற்குப் பின் உருவாகும் புதுக்கட்டைக்கும் இடையிலுள்ள தடுப்பே மிக வலுவானது. மேலும் கீழுமாகப் பரவுவதைத் தடுக்கும் தடுப்போ மிகப் பலவீனமானது. இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. ‘நல்ல கட்டை தெரியும்வரை சுரண்டு’ என்ற பழைய அறிவுரையைப் பின்பற்றினால், மரம் எழுப்பிய சுவரை நாமே இடித்து அழுகலைப் புதுக்கட்டைக்குள் அனுப்பிவிடுகிறோம். ஆதலால் தானே உதிரும் மென்பகுதியைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டு, நிறம் மாறி இறுகிய எல்லையில் நின்றுவிட வேண்டும். மற்றொன்று, அழுகல் எளிதாகக் கீழ்நோக்கி இறங்கும் என்பதால் பொந்தின் அடியில் ஒரு சொட்டு நீரும் தேங்கக் கூடாது. அடித்தளத்தை வெளிப்புறம் சரிவாகச் செதுக்க வேண்டும், முடியாத இடத்தில் தண்டின் பின்புறத்திலிருந்து பொந்தின் அடிக்கு ஒரு வடிகால் துளை போட வேண்டும். சிமெண்டாலோ புட்டிப் பசையாலோ பொந்தை நிரப்புவது ஈரத்தை உள்ளேயே சிறைவைப்பதாகும்.

சுழலும் கருவியில் ஒரே அளவு முனையைக் கொண்டு வேலையை முடித்தால், வரிசையான பள்ளங்கள் காட்டிக்கொடுத்துவிடும். கருவியால் பெரும்பகுதியை எடுத்த பின், நார்களை இடுக்கியால் பற்றிக் கட்டையின் ஓட்டத்திலேயே கிழித்தால் இயல்பான பரப்பு கிடைக்கும். லைம் சல்ஃபர் என்ற சுண்ணாம்பு-கந்தகக் கரைசலைப் பூசினால் பூஞ்சை குறையும், ஆனால் அது தரும் வெண்மை இலையுதிர் மரத்துக்குப் பொருந்தாது. சிறிது கறுப்பு மை கலந்து சாம்பல் நிறமாக்கிப் பூச வேண்டும், மண்ணில் சொட்டாதபடி மூடிக்கொள்ளவும் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் கிரைண்டரைத் தொடவே கூடாது. பட்டைக்கு அடியில் கரிபோன்ற கறுப்புத் தூள் தெரிந்தால் வேலையை உடனே நிறுத்துங்கள். மேப்பிள் இனங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சையின் வித்துகளாக அது இருக்கலாம். அவற்றைச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சி உண்டாகலாம்.

பொந்தின் உதட்டை, அதாவது அதன் விளிம்பை, மட்டும் உளி தீண்டாமல் விட வேண்டும். அங்கே கட்டை மெலிந்தால் மூடிவரும் திசு காய்ந்துபோகும். அந்தத் திசு உருண்டு வந்து இடையில் நின்றுவிட்டால், கோடைத் தொடக்கத்தில் அதன் விளிம்பைக் கூரிய கத்தியால் ஒரு நூல் அளவு மட்டும் சீவி, காயப்பசை தடவுங்கள். மேலே ஒரு கிளை தடையின்றி ஓடிக்கொண்டிருந்தால், இலையுதிர் காலத்துக்குள் உதடு மீண்டும் நகர்ந்திருக்கும்.