பிரித்து மாட்டிய அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இஞ்சின்) ஸ்டார்ட் ஆகவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

பிஸ்டன் ரிங் புதுசு, கேஸ்கெட் புதுசு, ஸ்பார்க் பிளக் புதுசு. கயிற்றை இருபது தடவை இழுத்தாயிற்று. தோள்பட்டைதான் கழன்றுகொள்கிறது, இஞ்சினிடமிருந்து ஒரு தும்மல்கூட இல்லை. சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் நண்பர் ஒருவரின் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இப்படித்தான் நின்றேன்.

என்னுடையது 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வைத்த பழைய மாடல். கீழே சொல்வது அந்த வகைக்குத்தான். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் வால்வு, டைமிங் பெல்ட் என்று வேறு வேலைகளும் உண்டு.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய இஞ்சின் நின்றுபோனால் தேய்ந்த பாகத்தைத் தேடுவோம். பிரித்து மாட்டிய இஞ்சின் நின்றால் நம் கை எங்கெல்லாம் பட்டதோ அங்கே தேட வேண்டும். புது கார்புரேட்டர் வாங்கக் கிளம்புவதற்கு முன், நாம் கழற்றிய ஒவ்வொரு வயரையும் குழாயையும் போல்ட்டையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

தொடங்கும் முன்

இதை வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் செய்ய வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்து வீட்டு சாமி விளக்கு வரை போதும். திறந்த இடத்தில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இஞ்சினை ஒரு மரச்சட்டத்தில் பூட்டி, கீழ்ப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள். தண்ணீர் உறிஞ்சும் துளைகள் முழுக்க மூழ்க வேண்டும், இல்லையென்றால் வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் வறண்டு சுற்றிக் கெட்டுப்போகும். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள்.

படி 1: வெட்கப்பட வைக்கும் காரணங்கள்

சிவப்புக் கயிற்றோடு வரும் ஸ்டாப் கிளிப் (கழன்றால் இஞ்சினை நிறுத்துவது) அதன் இடத்தில் இருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பெட்ரோல் குழாயின் நடுவில் உள்ள ரப்பர் பல்பின் அம்புக்குறி இஞ்சினைப் பார்த்திருக்கிறதா? பல்பை அழுத்தினால் கெட்டியாக வேண்டும். குளிர்ந்த இஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தீர்களா? இதில் ஏதோ ஒன்றால் அரை நாளைத் தொலைக்காத ஆளை நான் பார்த்ததில்லை.

படி 2: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

சோக் போட்டுப் பத்து தடவை இழுத்துவிட்டு, உடனே இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, படி 4-க்குப் போங்கள். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. படி 3. ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது என்றால் அந்தக் காய்ந்த சிலிண்டரில் மட்டும் சிக்கல். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். இதைச் செய்யாமல் நேராகக் கார்புரேட்டரில் ஸ்பானரை வைப்பவர்கள்தான் அதிகம்.

படி 3: தீப்பொறி

சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோலை, பிளக் இல்லாமல் சில தடவை இழுத்து வெளியேற்றி, ஆவி கலையும்வரை காத்திருங்கள். அப்புறம் பிளக்கை அதன் வயரில் மாட்டி, உலோக உடம்பு இஞ்சின் பிளாக்கைத் தொடும்படி வைத்து இழுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். வயரைக் கையால் பிடிக்காதீர்கள், அடி பலமாக இருக்கும். நிழலில் பார்த்தால் நீலப்பொறி தெரியும்.

ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் முதலில் பிளக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள், அப்புறம் வயரையும் காயிலையும் (பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருள்). இரண்டிலுமே இல்லையென்றால், ஸ்டாப் சுவிட்சிலிருந்து சிடிஐ பெட்டிக்கு (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வரும் வயரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பொறி வந்துவிட்டால் குற்றவாளி அந்த சுவிட்ச் அல்லது அதன் வயர். அந்த வயர் இல்லாமல் இஞ்சினை ஓட்ட வேண்டாம், நிறுத்த வழியிருக்காது.

என் விஷயத்தில் சுவிட்ச் சரியாகவே இருந்தது. வினை என் அழகுணர்ச்சியால் வந்தது. பிளாக்கை உப்புக் கறை போகத் தேய்த்து, புது பெயின்ட் அடித்திருந்தேன். காயிலும் எர்த் வயரும் பூட்டும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டேன். பெயின்ட்டின் வழியாக மின்சாரம் போகாதே! எமரி தாளால் அந்த இடங்களை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, மல்டிமீட்டர் வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டியதும் பொறி வந்தது. இஞ்சின் மட்டும் வரவில்லை. அந்தக் கதை படி 6-இல்.

படி 4: பெட்ரோல்

கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை ஒரு கிண்ணம் வைத்துத் திறங்கள். பெட்ரோல் வழிந்தால் அதுவரை வந்திருக்கிறது, அடைப்பு ஜெட் என்ற நுண்துளையில்தான். வரவில்லையென்றால் பின்னோக்கிப் போங்கள்: மிதவை ஊசி ஒட்டியிருக்கலாம், பியூவல் பம்பின் சவ்வும் கேஸ்கெட்டும் இடம் மாறியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், குழாய்க் கனெக்டரின் ஓ-ரிங் காற்றை இழுக்கலாம். பம்பைப் பிரிக்கும் முன்பே அடுக்கின் வரிசையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால், ஆயில் கலந்த பெட்ரோலில் அரைத் தேக்கரண்டியைப் பிளக் துளை வழியாக விட்டு, பிளக்கைப் பூட்டி இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் பொறி சரி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் அழுத்தம்) சரி, பெட்ரோல் வழிதான் கோளாறு. ஸ்டார்ட் ஆக வைக்க அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவைத் தொட வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு வரும் ஆயில்தான் உள்ளே வழவழப்பு தருகிறது. புது ரிங்கை வறட்டு ஸ்ப்ரேயில் உராய விடுவானேன்?

படி 5: கம்ப்ரஷன்

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-இல் மூடப்படும் முன் அங்கே வாங்கிய அழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று என்னிடம் இருக்கிறது. முள் கொஞ்சம் பொய் சொல்லும். ஆனால் இரண்டு சிலிண்டரிலும் ஒரே பொய்யைத்தான் சொல்லும், நமக்கு வேண்டியது வித்தியாசம்தானே. இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை பிளாக்கோடு எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை இழுங்கள். என்னுடையது 110, 105 பிஎஸ்ஐ காட்டியது. இரண்டுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் கவலைப்படலாம். குறைவான சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் இன்னும் படியவில்லை, அல்லது தப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் துப்பினால் ரீட் வால்வு (பெட்ரோல் கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு) மூடவில்லை.

படி 6: மூன்றும் இருந்தும் ஓடவில்லையா?

பெட்ரோல் இருந்தது, பொறி இருந்தது, கம்ப்ரஷன் இருந்தது. இழுத்தால் ஒரு வெடி, கயிறு என் விரலைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடியது. துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். ஊரில் வள்ளத்து இஞ்சின்களோடு வளர்ந்தவர். ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“எல்லாம் இருக்கு தம்பி, நேரம்தான் தப்பு. பிளைவீல் நட்டை எவ்வளவு இறுக்குன?”

“கைக்கணக்குதான் அண்ணே.”

“அப்ப கழட்டு.”

பிளைவீல் என்பது கிராங்க் நுனியில் சுற்றும் கனமான சக்கரம். அதைப் புல்லர் என்ற கழற்றும் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும், கிராங்க் நுனியில் சுத்தியலால் தட்டக் கூடாது. எடுத்துப் பார்த்தால், கிராங்க்குக்கும் பிளைவீலுக்கும் நடுவில் உட்காரும் அரைநிலா வடிவச் சாவி பாதி வெட்டுப்பட்டுப் படிபோல நின்றது. நட்டு தளர்வாக இருந்ததால் பிளைவீல் சற்றுத் திரும்பியிருக்கிறது. பொறி எப்போது வர வேண்டும் என்று சொல்வது பிளைவீல் காந்தம்தான். அது நகர்ந்தால் பொறியும் நேரம் தவறி வரும். புதுச் சாவி விலை ஒரு கோப்பி காசுதான். இரண்டு சரிவுப் பரப்பையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சாவியைப் பள்ளத்தில் நேராக வைத்து, கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும்

பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். அரை நிமிடத்தில் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். முதலில் புகை மண்டும், பூட்டும்போது தடவிய ஆயில் எரிகிறது, பயப்பட வேண்டாம். ஆயில் கலவை விகிதத்தைக் கைப்புத்தகத்தில் பாருங்கள், புது ரிங் படியும்வரை வழக்கத்தைவிடக் கூடுதல் ஆயில் கேட்பார்கள். முதல் சில மணி நேரம் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள்.

எங்களுடையது மூன்றாவது இழுப்பில் பிடித்தது. தொட்டித் தண்ணீர் கலங்கிப் பொங்கி அண்ணன் சட்டையெல்லாம் எண்ணெய். அவர் சட்டையைப் பார்க்கவில்லை. ஸ்டாப் கிளிப்பின் கயிறு சும்மா தொங்குவதைக் காட்டி, “அதை முதல்ல கையில மாட்டு” என்றார்.