நீளமான பிக்கப் வண்டியை மலைத்தடத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பிக்கப் வண்டியை வாங்கிய பிறகு அதன் டயரை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், பம்பரைக் கழற்றிவிட்டு இரும்புப் பம்பர் போடலாம், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் விஞ்ச் பொருத்தலாம், பணம் இருந்தால் ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கைக்கூடப் பின்னாளில் சேர்த்துக்கொள்ளலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரமாகிய வீல்பேஸ் மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே கடைசிவரை இருக்கும். கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதற்காகப் பிக்கப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியாகக் கேட்பது இந்த எண்ணைத்தான் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். எஞ்சினின் குதிரைத்திறன், தொடுதிரையின் அளவு, டயரின் தோற்றம் எல்லாவற்றையும் விசாரித்து முன்பணம் கட்டிவிட்டு, முதல் பாறையில் வண்டியின் வயிறு தட்டி நிற்கும்போதுதான் பலருக்கு வீல்பேஸ் நினைவுக்கு வருகிறது.

இத்தகைய தடங்களில் ஓட்டுவது ஒரு பெரும் பொழுதுபோக்காக வேரூன்றியிருப்பது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில். யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊரில் ஈஸ்டர் ஜீப் சஃபாரி 1967ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே எடுத்துக்காட்டுகளை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கதவு ஜீப் ராங்லரின் வீல்பேஸ் 2459 மில்லிமீட்டர். நான்கு கதவு ராங்லருக்கு 3008. அதே குடும்பத்தின் பிக்கப்பான கிளாடியேட்டருக்கு 3487. டொயோட்டா டகோமாவின் 2024ஆம் ஆண்டு வடிவத்தில், இரட்டை வரிசை இருக்கைகளோடு 5 அடித் தொட்டி (பின்னால் சரக்கு ஏற்றும் பகுதி) உள்ள வண்டிக்கு ஏறத்தாழ 3350, 6 அடித் தொட்டி உள்ளதற்கு ஏறத்தாழ 3686. ஒப்பிட விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தியாவில் கிடைக்கும் டொயோட்டா ஹைலக்ஸ் 3085 மில்லிமீட்டர், இசுசு வி-கிராஸ் 3095 மில்லிமீட்டர்.

முதல் தவறு, தரையிலிருந்து வண்டிக்கு எவ்வளவு உயரம் என்ற ஒற்றை எண்ணை நம்புவது. பாறைத் தடத்துக்கென அமைந்த மாதிரியான கிளாடியேட்டர் ரூபிகானின் தரை இடைவெளி 11.1 அங்குலம், ராங்லர் ரூபிகானுக்கு 10.8 அங்குலம்தான். இதை மட்டும் பார்ப்பவர் பிக்கப்பே மேட்டைக் கடக்கச் சிறந்தது என்று முடிவுகட்டிவிடுவார். ஒரு கூர்மையான மேட்டின்மீது ஏறி, முன்சக்கரம் அந்தப் பக்கமும் பின்சக்கரம் இந்தப் பக்கமும் இருக்கும்போது வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய பெரும அளவைக் காட்டும் பிரேக்ஓவர் கோணத்தைப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது: இரண்டு கதவு ராங்லர் ரூபிகானுக்கு ஏறத்தாழ 28 பாகை, நான்கு கதவுக்கு 22.6, கிளாடியேட்டருக்கு 20.3. ஒரே உயரக் கால்களில் நிற்கும் ஒரு குட்டைப் பெஞ்சையும் ஒரு நீளப் பெஞ்சையும் ஒரு மண்மேட்டின்மேல் கவட்டை போட்டாற்போல் நிறுத்திப் பாருங்கள். நீளப் பெஞ்சின் பலகைதான் முதலில் மண்ணைத் தொடும். மேலும், விளம்பரத்தில் அச்சிடப்படும் தரை இடைவெளி இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் அடியில் அளக்கப்படுவது. அது சக்கரங்களுக்கு நடுவே கிடக்கும் பாறையை அச்சு தாண்டுமா என்பதைச் சொல்லுமே தவிர, வண்டியின் நடுவயிற்றைப் பற்றி எதையும் சொல்லாது.

இதை அறிந்தவர்களும் அடுத்த தவறில் விழுகிறார்கள். வண்டியை உயர்த்திவிட்டால் போதும் என்று நினைத்து, நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று லிஃப்ட் கிட் போடுகிறார்கள். கிளாடியேட்டரின் வீல்பேஸ் நான்கு கதவு ராங்லருடையதைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு அதிகம். ஆகவே அதே பிரேக்ஓவர் கோணத்தை எட்ட அதன் வயிறும் ஏறத்தாழ 16 விழுக்காடு உயர வேண்டும், அதாவது நான்கைந்து சென்டிமீட்டர். அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் குற்றமில்லை. அதற்குமேல் உயர்த்தும் ஒவ்வோர் அங்குலமும் வண்டியின் எடைமையத்தை மேலே தூக்கி, பக்கவாட்டுச் சரிவில் கவிழும் ஆபத்தைக் கூட்டுகிறது. ஸ்பிரிங்கை உயர்த்துவதால் உடல்தான் மேலே போகும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே, அதுவும் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் ஓர் அங்குலம்தான். டகோமாபோல நீளமான பிக்கப்புகள் பலவற்றில் எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங்கோடு இருக்கும். பின்பக்கத்தை அதிகம் தூக்கினால் அந்த இணைப்பின் கோணம் கெட்டு, புறப்படும்போதே வண்டி அதிரத் தொடங்கும். அளவான உயரமும், அடிவயிறு முழுவதையும் மூடும் தடிப்பான இரும்புத் தகடும், பாறையில் வயிற்றை மெல்லச் சறுக்கவிட்டுக் கடக்கும் பொறுமையும் சேர்ந்தால் போதும் என்பதே என் கருத்து.

பெரும்பாலான ஒப்பீடுகள் முன்பின் கோணங்களோடு நின்றுவிடுகின்றன. நீளமான வண்டியை உண்மையில் சோதிப்பது திருப்பம். பேருந்து தெருமுனையில் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த உள்வெட்டு வீல்பேஸின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. முன்பக்கம் 6.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புவதாக வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், பின்பக்கம் இரண்டு கதவு ராங்லரில் 46 சென்டிமீட்டரும், நான்கு கதவில் 70 சென்டிமீட்டரும், கிளாடியேட்டரில் 96 சென்டிமீட்டரும் உள்ளே வருகிறது. வண்டியின் நீளம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, உள்வெட்டு இரண்டு மடங்காகிவிட்டது. நெடுஞ்சாலையில் இது பொருட்டே இல்லை. கலிபோர்னியாவின் ரூபிகான் தடத்தில், கருங்கல் பாறைக்கும் மரத்துக்கும் இடையே வண்டியைத் திருப்பும்போது அந்த ஒரு மீட்டர்தான் தொட்டியின் பக்கத்தகடு நசுங்குமா தப்புமா என்பதை முடிவுசெய்கிறது. கொலராடோவில் ரெட் மவுண்டன் கணவாயிலிருந்து டெல்லுரைடை நோக்கி இறங்கும் பிளாக் பேர் தடம் இன்னும் கடுமையானது. அதன் கொண்டை ஊசி வளைவுகளில் குட்டை வண்டி ஒரே மூச்சில் திரும்பிவிடும் இடத்தில், நீளமான பிக்கப் முன்னும் பின்னுமாகப் பலமுறை நகர்ந்தே திரும்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு நகர்விலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. அங்கே போகும் எண்ணமுள்ளவர், வாங்குவதற்கு முன்பே அந்த வண்டியை ஒரு வெற்று மைதானத்தில் ஓட்டி, முழுத்திருப்பத்தில் பின்சக்கரம் எங்கே விழுகிறது என்பதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்துவிட வேண்டும். கிளாடியேட்டர் முழுவட்டம் அடிக்கவே ஏறத்தாழ 13.6 மீட்டர் கேட்கிறது.

வாலை மறப்பதும் இதே வகைத் தவறு. முன்பம்பர் இடிபடாமல் ஏறக்கூடிய சரிவைக் காட்டும் ஏறுகோணத்தை எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். கிளாடியேட்டர் ரூபிகானுக்கும் அது 43 பாகைக்கு மேல், ராங்லருக்கு நிகர். பின்பக்க இறங்குகோணமோ ராங்லரில் 37, கிளாடியேட்டரில் 26. படிபோன்ற பாறையிலிருந்து இறங்கும்போது கடைசியாக இடிபடுவது தொட்டியின் பின்மூலையும், இழுவைக் கொக்கி பொருத்தும் சட்டமும்தான். பக்கவாட்டுப் பாதுகாப்புக்கெனச் சந்தையில் விற்கும் குழாய்ச் சட்டங்கள் பல கேபினோடு முடிந்துவிடும். தொட்டியின் அடிப்பகுதிக்கும் தனிச் சட்டம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கிளாடியேட்டர் ரூபிகானில் அது தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. தொட்டிக்கு அடியில் தொங்கும் உபரிச் சக்கரத்தையும் கவனிக்க வேண்டும். பின்பக்கம் பாறையில் அமர்ந்துவிட்ட நிலையில் டயர் வெடித்தால், அந்தச் சக்கரத்தைக் கீழே இறக்கவே இடமிருக்காது.

தொட்டி இருக்கிறதே என்று சுமையை ஏற்றுவது எல்லாவற்றிலும் செலவு மிக்க தவறு. கிளாடியேட்டர் ரூபிகான் 2020இல் அறிமுகமானபோது அதன் சுமைதிறன் ஏறத்தாழ 540 கிலோகிராம். பெரியவர்கள் நால்வர் ஏறினால் 300 கிலோ, கூரைக் கூடாரம் 60, இரும்புப் பம்பரும் விஞ்சும் 100, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40. சமையல் சாமானும் கருவிகளும் ஏறுவதற்கு முன்பே 500 ஆகிவிட்டது. அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில், பயணிகளும் பொருளும் சேர்ந்து எவ்வளவு எடை தாங்கும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். விளம்பரத் தாளில் உள்ள பெரும அளவு வேறொரு எளிய மாதிரிக்குரியதாக இருக்கலாம் என்பதால், கதவில் உள்ள எண்ணையே நம்ப வேண்டும். சுமை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல்போல முன்சக்கரங்களைத் தளர்த்தி, செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டியரிங்கின் பிடியைக் குறைக்கிறது. கனமானவை கேபினை ஒட்டியும், தொட்டியின் தரையோடும் இருக்கட்டும். முற்றிலும் காலியான தொட்டியும் இடைஞ்சல்தான்: பின்சக்கரங்கள்மேல் எடை இல்லாமல், சரளை ஏற்றத்தில் அவை துள்ளிச் சுழலும். அப்போது பின் டயர்களின் காற்றை முன் டயர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இறக்கிவிடுவது பயன் தரும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்ப ஒரு கம்ப்ரெசர் கையில் இருந்தாக வேண்டும்.

பெயரைப் பார்த்து மாதிரியைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. கிளாடியேட்டரிலேயே மொஹாவி மாதிரி பாலைவன மணலில் வேகமாக ஓடுவதற்காக அமைக்கப்பட்டது. அதற்குப் பின் அச்சில் மட்டுமே லாக் உண்டு, எஞ்சின் விசையை இரு அச்சுகளுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்விகிதம் (மெல்ல ஊர்வதற்கான கியர் விகிதம்) 2.72. ரூபிகான் மாதிரிக்கு முன்பின் இரண்டு அச்சுகளிலும் லாக், தாழ்விகிதம் 4. ஆட்டோமேட்டிக் கியரோடு சேர்த்துப் பார்த்தால் எஞ்சின் 77 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். பாறைத் தடத்தில் நடைவேகத்துக்கும் குறைவாக ஊர்வதற்கு இதுவே வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீளமான பிக்கப்பே தடத்துக்கு ஆகாது என்று ஒதுக்குவதும் தவறு, அதையும் நான் அடிக்கடி கேட்கிறேன். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் பெயரும் எடை, வீல்பேஸ் கூடக் கூடக் குறைகிறது. ஆகவே மோவாபின் வழவழப்பான மணற்பாறைச் சரிவுகளிலும் உயர்ந்த படிகளிலும் குட்டை வண்டி மூக்கைத் தூக்கிப் பயமுறுத்தும் இடத்தில், நீளமான வண்டி நிதானமாக ஏறிவிடுகிறது. அலை அலையான மண்சாலையில் நாள் முழுவதும் ஓட்டும்போது முதுகுக்கு அது தரும் ஓய்வையும் சொல்லியாக வேண்டும். கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் பாதை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். எரிபொருள், தண்ணீர், கூடாரம் அனைத்தையும் சுமந்துகொண்டு இரண்டு மூன்று நாள் அதைச் சுற்றிவர நல்ல பிக்கப்பைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஆண்டில் பத்துமுறை போகும் தடம் எது, ஒருமுறை போக ஆசைப்படும் தடம் எது என்று பிரித்து, பத்துமுறை போகும் தடத்துக்கான வீல்பேஸைத் தேர்ந்தெடுங்கள். டகோமாவில் ஓரடித் தொட்டி நீளத்துக்காக வீல்பேஸில் 33 சென்டிமீட்டர் கூடுகிறது. அந்த ஓரடியில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்பதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் 5 அடித் தொட்டியே போதும்.

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைப் பார்க்காமல் விடக்கூடாது. பின்னால் அளவுக்கு மீறிய சுமையோடும் இழுவை வண்டியோடும் மேடுபள்ளத்தில் ஓடிய நீளமான பிக்கப்புகளில், கேபினுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சேசிஸ் வளைந்துபோவதுண்டு. லீஃப் ஸ்பிரிங்கின் இரு முனைகளும் பகிர்ந்து தாங்கிய சுமையை, சுமைக்குத் துணையாக ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் இடையில் செருகிய காற்றுப்பை ஒரே புள்ளியில் சேசிஸ்மேல் தள்ளுவதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே காற்றுப்பை பொருத்திய வண்டியை இரட்டைக் கவனத்தோடு பாருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கேபினுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள இடுக்கைப் பக்கவாட்டிலிருந்து நோக்குங்கள். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் வால் தொய்ந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.