முதல் எக்ஸ்சி ரேஸ்: டயரைச் சரி பண்ணுங்கள், மற்றது அப்புறம்

போன வருடம் பெங்களூருக்கு வெளியே நடந்த ஒரு உள்ளூர் எக்ஸ்சி ரேஸில் (கிராஸ் கன்ட்ரி, அதாவது மண்ணிலும் கல்லிலும் ஓட்டும் மவுன்டன் பைக் ரேஸ்) பெயர் கொடுத்தேன். நாலு லேப், லேப் ஒன்று 5 கி.மீ. இரண்டாவது லேப் தொடங்கியதுமே பின் டயரில் கருவேல முள். டியூபை மாற்றி, கைப்பம்பில் காற்றடித்து நிமிர்வதற்குள் 14 நிமிடம் போய்விட்டது. அந்த லேப்பை முடித்துக் கோட்டைத் தொட்டதும் "போதும் சார், வெளியே வாங்க" என்று நம்பரைக் கழற்றிவிட்டார்கள். 80 சதவீத விதி என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். முதலாவதாகப் போகிறவர் முதல் லேப்பை 15 நிமிடத்தில் முடித்தால், நீங்கள் அவரைவிட 12 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியதும் ஆட்டம் முடிந்தது. சர்வதேசப் போட்டி விதி இது, உள்ளூர் ரேஸ்களிலும் சிலர் வைக்கிறார்கள்.

இந்த வருடம் நாலு லேப்பும் முடித்தேன். காலில் பலம் ஒன்றும் கூடிவிடவில்லை, டயர்தான் மாறியது. அதனால் பயிற்சி அட்டவணையெல்லாம் இங்கே இல்லை. டிரெய்லில் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவீர்கள், 29 இன்ச் சக்கரம் போட்ட ஒரு ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்) இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை: டியூப்லெஸ்

டியூபே இல்லாமல் டயருக்குள் நேராகக் காற்றை அடைப்பதுதான் டியூப்லெஸ், சின்ன முள் ஓட்டையை உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவமே அடைத்துவிடும். இதில் எனக்கு மூன்று ராத்திரி போனது. ரிம்மில் டேப் ஒட்டி, வால்வு மாட்டி, பம்பை அடி அடியென்று அடிக்கிறேன், காற்று நிற்கவே இல்லை. டயர் சரியில்லை என்று டயரைத் திட்டினேன், பம்பைத் திட்டினேன். கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி சக்கரம் முழுக்கத் தடவிப் பார்த்தால், டயர் ஓரத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஸ்போக் கம்பி ரிம்மில் சேரும் நிப்பிள் ஒவ்வொன்றிலும் நுரை பொங்குகிறது. அப்படிப் பொங்கினால் குற்றவாளி டேப்தான். என் ரிம்மின் உள் அகலம் 25 மி.மீ., நான் வாங்கியது 21 மி.மீ. டேப். உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக வாங்குங்கள், ஓரத்திலிருந்து ஓரம் வரை மூட வேண்டும். எலக்ட்ரிகல் டேப்பே போதும் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், வெயிலில் அதன் பசை இளகி நகர்ந்துவிடும்.

ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டுங்கள். பிறகு வால்வுக்கு ஒரு சின்ன ஓட்டை போட்டு, பழைய டியூபை உள்ளே வைத்து டயரை மாட்டிக் காற்றடித்து ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். டேப் நன்றாக அமுங்கி ஒட்டும், டயரும் இரண்டு பக்கமும் ரிம்மில் போய் உட்கார்ந்திருக்கும். காலையில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டியூபை உருவிவிட்டு டியூப்லெஸ் வால்வை மாட்டுங்கள். இனி ஒரு பக்கம் உட்கார்ந்தால் போதும், பாதி வேலை மிச்சம். வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் சின்ன உள்பாகம்) கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாக இறங்கும், சாதாரண ஃப்ளோர் பம்பிலேயே டயர் ரிம்மில் உட்காரும் "டப்... டப்" சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டபோது ராத்திரி பதினொன்றரை, மனைவி டயர் வெடித்துவிட்டதென்று எழுந்து வந்துவிட்டாள்.

அப்புறம் சீலன்ட், சக்கரத்துக்கு சுமார் 90 மி.லி., ஊசி போடும் சிரிஞ்சில் வால்வு வழியாகவே ஊற்றலாம். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். ரேஸுக்கு முந்தின வாரம் சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே தளும்பும் சத்தம் இல்லையென்றால் இன்னும் ஊற்றுங்கள்.

காற்று எவ்வளவு

நான் 72 கிலோ, டயர் 2.25 இன்ச்: முன்னால் 21 பிஎஸ்ஐ, பின்னால் 23. பழைய பழக்கத்தில் 40 வைத்தீர்களானால் ஒவ்வொரு வேரிலும் சைக்கிள் துள்ளும், வளைவில் பிடிப்பே இருக்காது. கல்லில் ரிம் "டக்" என்று இடித்தால் ஒரு பிஎஸ்ஐ கூட்டுங்கள். பம்பில் இருக்கும் மீட்டரை நம்பாதீர்கள், 160 வரை காட்டுகிற முள் 20-இல் என்ன சொல்லும்? தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள். புது ஜெர்சியைவிட அது முக்கியம்.

ரேஸ் அன்று

முந்தின நாள் கோர்ஸை இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள், பயமாக இருக்கிற இறக்கத்தை மட்டும் நடந்து பாருங்கள். முதல் ஒற்றையடிப் பாதை எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டில் எல்லோரும் அதற்கு முன்னால் போய்விடத்தான் பறப்பார்கள். நீங்கள் நடுவில் போனால் போதும். முதல் பத்து நிமிடம் மூச்சு வாங்க ஓட்டினால் மூன்றாவது லேப்பில் கால் மரத்துப்போகும்.

பஞ்சர் ஆனால் வெளி ஆள் யாரும் தொடக்கூடாது. உதவி என்பது டெக் ஜோனில் (ரிப்பேருக்கென்று பாதையோரம் ஒதுக்கிய இடம்) மட்டும்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் முன் சக்கரம் பஞ்சராகி, டெக் ஜோன் வரை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து சக்கரம் மாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் இழந்தும் தங்கம் வாங்கினார். நமக்கு அங்கே சக்கரத்தோடு காத்திருக்க ஆள் கிடையாது. பிளக் (ஓட்டையில் திணிக்கும் ரப்பர் திரி), அதைக் குத்தும் ஊசி, நொடியில் காற்று நிரப்ப ஒரு சிஓ2 வாயுக் குப்பி, மூன்றையும் சைக்கிளிலேயே டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். சிஓ2 சில சீலன்ட்களைத் திரித்துக் கட்டியாக்கிவிடும், ரேஸ் முடிந்ததும் பழையதை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்களில் ஒருவர், காலை ஆறு மணிக்கு 22 வைத்தேன், ஸ்டார்ட் லைனில் டயர் கல் மாதிரி இருந்தது, கேஜ் பழுதா என்று கேட்டிருந்தார். கேஜ் சரிதான். சைக்கிளை வெயிலில் நிறுத்தியிருக்கிறார். டயருக்குள் 20 டிகிரி சூடு கூடினால் இரண்டரை பிஎஸ்ஐ வரை ஏறும். நிழலில் நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டுக்கு அரை மணி முன்னால் அளந்து வையுங்கள். கேஜைக் காரில் வைத்துவிட்டு வராதீர்கள், நான் ஒரு தடவை அதையும் செய்திருக்கிறேன்.