மங்கிய ஹெட்லைட்: மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி நெருங்கினால் போதும், ஊட்டியிலும் குன்னூரிலும் ஏதாவது ஒரு பட்டறை வாசலில் யாராவது பற்பசையை வைத்து ஹெட்லைட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பழக வரும் பையன்களும் முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் நாங்கள் அடித்த அதே கூத்து. பற்பசை நிற்காது என்பது ஊருக்கே தெரியும், அதை விடுவோம். பெயின்டில் கீறாமல் டேப் ஒட்டுவது, தண்ணீர் விட்டுத் தேய்ப்பது இதையெல்லாம் எந்த வீடியோவிலும் சொல்லித் தந்துவிடுவார்கள். மற்றதைப் பார்ப்போம்.

மங்கல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் இறங்குவது

டூம், அதாவது ஹெட்லைட்டின் முன்மூடி, மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பரப்பில்தான், தேய்த்தால் சரியாகும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் பெரும்பாலும் கோளாறு உள்ளே. 60/55 வாட் எச்4 பல்பு இருக்க வேண்டிய இடத்தில், மூடுபனியில் வெளிச்சம் போதவில்லை என்று 100/90 போட்டு ஓட்டிய வண்டிகளில் பல்புக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சே கருகியிருக்கும். அதற்கு வெளியே தேய்த்து என்ன பயன்? அசெம்பிளியை, அதாவது ஹெட்லைட்டை முழுசாக, மாற்றுவதுதான் வழி.

கண்ணாடி டூமைத் தேய்ப்பது

எஸ்டேட்டுகளில் ஓடும் பழைய ஜீப்புகளில் இருப்பது நிஜக் கண்ணாடி. அது மஞ்சளாகாது. வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பட்டால் கீறல்தான் மிஞ்சும்.

பளபளப்பாக்கிவிட்டு அப்படியே விடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பிளாஸ்டிக் டூம் என்று நாம் சொல்வது பாலிகார்பனேட். அது வெயிலைத் தாங்காது. அதனால்தான் கம்பெனியிலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு கடினமான கோட் போட்டு அனுப்புகிறார்கள். நாம் பார்க்கிற மஞ்சள், அந்தக் கோட் நைந்து, அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கும் கெடத் தொடங்கியதன் அடையாளம். வாட்டர் பேப்பர் போடும்போது மஞ்சளோடு சேர்ந்து மிச்சமிருந்த கோட்டும் போய்விடுகிறது. அப்புறம் பஃபிங் (பாலிஷ் பசை வைத்துத் தேய்ப்பது) போட்டால் புதுசு போல மின்னும். வண்டிக்காரருக்குச் சந்தோஷம், தேய்த்தவருக்குக் காசு. ஆனால் டூமுக்கு இப்போது மேல்தோலே கிடையாது.

டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர் இப்படித்தான் ஒவ்வொரு எஃப்.சி.க்கும் ஒரு இடத்தில் தேய்த்து வாங்கிக்கொண்டிருந்தார். சில மாதத்தில் மஞ்சள் திரும்பும், மறுபடி தேய்ப்பார். என்னிடம் வந்தபோது டூம் முழுக்கத் தலைமுடி போல வெடிப்பு. கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் புது ஜோடியே வாங்கியிருக்கலாம். "கோட் எதுவும் போடச் சொல்லலையா?" என்று கேட்டேன். "ஊட்டியில ஏதுண்ணா வெயில்?" என்றார்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். குளிர் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி இருப்பது 2200 மீட்டருக்கும் மேலே. உடம்பில் சூடு உறைக்காது, மெல்லிய மேகமும் அந்தக் கதிரை முழுதாகத் தடுக்காது. ஸ்டாண்டில் நாள் முழுக்கத் திறந்தவெளியில் நிற்கும் டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டிக்குப் பாதுகாப்பு கோட், மலையடிவார மேட்டுப்பாளையத்து வண்டியைவிட இன்னும் அவசியம்.

என்ன போடலாம்? வாக்ஸ் தடவினால் சில வாரம். ஹெட்லைட்டுக்கென்றே விற்கும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம். நெடுநாள் நிற்பது, ஹார்டனர் (கோட்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் புற ஊதாத் தடுப்புள்ள 2கே கிளியர் என்ற நிறமற்ற கோட். மரச்சாமானுக்கு அடிக்கும் கிளியர் ஸ்பிரேயை வாங்கி அடிப்பது வேலைக்காகாது.

கிளியர் அடிப்பதாக இருந்தால் 800, 1000, 1500 நம்பர் வாட்டர் பேப்பர் என்று வரிசையாகத் தேய்த்து நிறுத்துங்கள். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் பழைய கீறல் அப்படியே நிற்கும். பஃபிங் வேண்டாம். நுண்கீறலைக் கிளியரே நிரப்பிவிடும். பாலிஷ் பசை மிச்சமிருந்தால் கோட் தோல் தோலாக உரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பின் அடியுங்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, பெயின்டர்கள் போடும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

தின்னர் துணியால் துடைப்பது

தொடவே கூடாது. பாலிகார்பனேட் வெடித்துவிடும்.

மூடுபனியில் கிளியர் அடிப்பது

ஈரக்காற்றில் அடித்தால் கோட் பால் போல வெளுத்துப்போகும். குளிர் அதிகமானால் ஹார்டனர் சரியாக வேலை செய்யாது, ஒட்டிக்கொண்டே கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து நண்பகலில் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் அவசரம் என்றால், மண்டிக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு எப்படியும் மேட்டுப்பாளையம் இறங்கும் பிக்கப்தானே, வேலையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

சிலிக்கான் பூசி எல்லாத் துளையையும் அடைப்பது

டூமுக்கு மூச்சுவிட ஒரு குழாயோ ரப்பர் மூடியோ பின்பக்கம் இருக்கும். காலையில் உள்ளே லேசாக வேர்த்து, லைட் போட்டதும் மறைந்தால் அது கோளாறே இல்லை. அதற்குப் பயந்து அந்தத் துளையை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி ரிஃப்ளெக்டரை அரிக்கும். அடியில் தண்ணீர் தேங்கினால் மட்டும் சீல் எங்கே விட்டிருக்கிறது என்று தேடுங்கள்.

பழைய ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பு

எதிரே வருபவர் கண் கூசும், மூடுபனியில் உங்கள் கண்ணும் கூசும்.

மாற்றிய பின் ஒளியைச் சரிபார்க்காமல் ஓட்டுவது

அசெம்பிளியைக் கழற்றி மாட்டினாலே குறி மாறும். சுவருக்கு எதிரே சமதரையில் வண்டியை நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிடக் கொஞ்சம் கீழே விழும்படி திருகைத் திருப்ப வேண்டும். சமதரைக்கு நம்ம ஊரில் எங்கே போவது என்பது வேறு கதை. பெட்ரோல் பங்க்கின் டயர் காற்றுப் பகுதி பெரும்பாலும் சமமாக இருக்கும், கேட்டால் இரவில் கொஞ்ச நேரம் விடுவார்கள். வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு பாருங்கள். காலி வண்டியில் வைத்த குறி, பின்னால் மூட்டை ஏறியதும் எதிர்வண்டிக்காரர் முகத்துக்குப் போய்விடும்.